மெயின் பாக்ஸிலிருந்து மேடை வரை: மின் அடுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இண்டக்‌ஷன், காயில் அடுப்பு, மின் ஓவன் ஆகியவற்றுக்கு ஒயரிங் செய்வது பற்றியவை. ஒயரிங் வேலையை அரசின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன செய்கிறார், எந்த ஒயரைப் போடுகிறார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். அந்த அளவுக்கு விவரம் இங்கே தருகிறோம்.

எங்க ஊடு 1994-ல கட்டினதுங்க. மேடைக் கல்லை வெட்டிப் பதிக்கிற ரெண்டு அடுப்பு இண்டக்‌ஷன் வாங்கியிருக்கோம். பெட்டியில 3500 வாட்ஸ்னு போட்டிருக்குது. கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஓடற 15 ஆம்பியர் பிளக்லயே குடுத்துரலாம், ஒண்ணும் ஆகாதுன்னு ஒயரிங் பண்றவர் சொல்றாரு. நம்பலாமுங்களா?
*– வாசகி, கோபிசெட்டிபாளையம்*

வேண்டாங்க. 3500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 15.2 ஆம்பியர் வரும். நாம் 15 ஆம்பியர் என்று சொல்லும் பிளக்கின் இன்றைய அளவு 16 ஆம்பியர். ஒரு பக்கம் அரிசிம்பருப்புக்குக் குக்கர், இன்னொரு பக்கம் கொள்ளு வேகிறது என்றால் அரை மணி நேரம் அந்தப் பிளக் தன் எல்லையிலேயே நிற்கும். அதோடு ஃபிரிட்ஜும் கிரைண்டரும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுவருக்குள் இருக்கும் ஒயர். அந்தக் காலத்து வீடுகளில் பிளக்குக்கு 1/18 அல்லது 3/22 ஒயர் (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது இழையின் கேஜ்) இழுத்திருப்பார்கள். இரண்டுமே கிட்டத்தட்ட 1.2 சதுர மில்லிமீட்டர்தான். 7/22 என்றால் சுமார் 2.5, 7/20 என்றால் 4 சதுர மி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் ஒயர்மேனிடம் பழைய கணக்கிலேயே கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்.

மெயின் பாக்ஸிலிருந்து சமையலறை 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 30 மீட்டர் ஒயர். 1 சதுர மி.மீ. செம்பு ஒயராக இருந்தால் அதன் தடை சுமார் 0.54 ஓம். அதில் 15.2 ஆம்பியர் ஓடினால் 125 வாட் வெப்பம் பைப்புக்குள்ளேயே தங்கும். இதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போட்டால் 34 வாட் மட்டுமே. பழைய ஒயரின் பி.வி.சி. உறை முதல் நாளே உருகாது. மாதக் கணக்கில் சூடேறி ஆறி, விறைத்து, வெடித்து, ஒருநாள் ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளும். ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்கிறவர் பார்ப்பது முதல் நாளை மட்டும்தான்.

அதனால் இந்த அடுப்புக்கென்று மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுங்கள். வேண்டியவை: 4 சதுர மி.மீ. எஃப்.ஆர். (எளிதில் தீப்பிடிக்காத உறை உள்ள) செம்பு ஒயர், ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. எர்த்தும் அதே 4 சதுர மி.மீ. இருக்கட்டும். மெயின் பாக்ஸில் 20 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், கடைகளில் டிரிப்பர் என்றால் கொடுப்பார்கள்). அதற்கு முன்னால் 40 ஆம்பியர் தாங்கி, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சமையல் மேடைக்கு மேலே 32 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச். பிளக்கே வேண்டாம். சுவிட்சிலிருந்து பைப் வழியாக மேடைக்குக் கீழே ஒரு கனெக்டர் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து அடுப்புக்கு நேரடியாக ஒயர் போகட்டும். எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயரில் அந்த முத்திரையும் அளவும் உறையின் மேலேயே நீள நெடுக அச்சாகியிருக்கும்.

டபுள் போல் ஏன் என்றால், அணைத்ததும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே துண்டாக வேண்டும். பழைய வீடுகளில் எங்கோ ஓரிடத்தில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடப்பது சாதாரணம். ஒற்றைச் சுவிட்சை அணைத்துவிட்டு அடுப்பைக் கழற்றுகிறவருக்கு அது ஆபத்து.

சுவிட்சை அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குள்தான் போகும். தீப்பிடித்த வாணலிக்கு மேலே கை நீட்டி அணைக்கவும் முடியாது. பக்கவாட்டில் குறைந்தது ஓர் அடி தள்ளி, கழுவும் தொட்டிக்கு எதிர்ப்பக்கம், தரையிலிருந்து நாலு அல்லது நாலரை அடி உயரத்தில் வையுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை. மெயினை அணைத்த பிறகு வெறும் டெஸ்டரை நம்பாமல் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைத்து ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டையும் பார்க்க வேண்டும். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பது கரண்ட் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பைப்புக்குள் ஒயரில் முடிச்சோ ஜாயின்ட்டோ கூடாது. ஒரே நீளமாக வர வேண்டும். நுனியில் உறையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவும்போது இழைகளை வெட்டிவிடக் கூடாது. ‘துவாரத்தில் நுழையவில்லை’ என்று நாலு இழையை வெட்டிவிட்டு மீதியைச் சொருகுவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. அப்படி வெட்டிய இடத்தில் ஒயரின் கனம் குறைந்துவிடுகிறது, சூடும் அங்கேதான் கிளம்பும். நுனிக்கு லக் (உலோக முனைக் குப்பி) போட்டு அழுத்தி, திருகை முடுக்கி, ஒவ்வோர் ஒயரையும் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்புத் தரும் முன்பு 500 வோல்ட் மெக்கர் (ஒயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வரக் கூடாது. புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். பிறகு ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் அது விழ, அதாவது தானே அணைய வேண்டும். கடைசியாக, இரண்டு அடுப்பிலும் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட விட்டுச் சுவிட்சின் முகப்பையும் எம்.சி.பி.யின் முகப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ திருகு தளர்வாக இருக்கிறது. இழை ஒயர் கொஞ்ச நாளில் திருகுக்குக் கீழே அமுங்கும். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகையும் மறுபடி ஒரு முறை முடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் செய்வதில்லை, கருகிய சுவிட்சுகளில் பெரும்பாலானவை இதனால்தான்.

இன்னொன்று. பின்னாளில் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று யாராவது 32 ஆம்பியருக்கு மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய எம்.சி.பி. போட்டால் முதலில் எரியப் போவது ஒயர்தான்.

ஸ்டீல் உடம்பு உள்ள மின் ஓவன் வாங்கினோம். தொட்டால் ஜிவுஜிவு என்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், புதிதிலும் அப்படியே. எர்த் இருக்கிறது என்று ஒயர்மேன் சொல்கிறார். எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினால் பாறை.
*– வாசகர், காங்கயம்*

ஓவன் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் பிளக்கின் மேல் துவாரத்தில் எர்த் உண்மையில் வேலை செய்யவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இப்போதைய மின்னணுச் சாதனங்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்குச் சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் உடம்பு பாதி வோல்ட்டேஜில், சுமார் 115 வோல்ட்டில், மிதக்கும். மில்லி ஆம்பியருக்கும் குறைவான ஓட்டம் என்பதால் கூச்சத்தோடு போகிறது. ஆனால் உள்ளே ஒரு ஒயர் உரசி உடம்பைத் தொட்டால் அதே உடம்பில் முழு 230 வோல்ட் நிற்கும். இந்த ஜிவுஜிவு அதற்கான முன்னெச்சரிக்கை. சரிசெய்யும்வரை ஓவனைப் பயன்படுத்தாதீர்கள்.

முதலில் பிளக்கின் எர்த் துவாரத்துக்கும் மெயின் பாக்ஸின் எர்த் கட்டைக்கும் நடுவே மீட்டரில் தடை பாருங்கள். 1 ஓமுக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் இடையில் எங்கோ பச்சை ஒயர் விட்டுப்போயிருக்கிறது. வந்தால் கோளாறு மண்ணில்.

காங்கயம், வெள்ளகோவில், பல்லடம் பக்கம் மண் வறட்சியும் பாறையும் சேர்ந்தது. வழக்கமாக 40 மி.மீ. ஜி.ஐ. பைப்பை இரண்டரை மீட்டர் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைப்போம். பாறையில் அவ்வளவு ஆழம் போகாது. இரண்டடியில் பைப்பை வெட்டிப் புதைத்துவிட்டு, மேலே சிமென்ட் மூடி போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூடியைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். மழைக்காலத்தில் ஏதோ வேலை செய்யும், மாசி பங்குனி வந்தால் ஒன்றும் இருக்காது.

பாறை நிலத்துக்கு ஐ.எஸ். 3043 தரக்குறிப்பு சொல்லும் வழி, பட்டை எர்த். ஜி.ஐ. அல்லது செம்புப் பட்டையை குறைந்தது அரை மீட்டர் ஆழத்தில், 15 மீட்டர் நீளத்துக்குக் கிடையாகப் புதைப்பது. குளியலறைத் தண்ணீர் பாயும் வாழைப் பாத்தி ஓரமாகப் பள்ளம் எடுத்தால் வருடம் முழுக்க ஈரம் கிடைக்கும். அல்லது துளைபோடும் எந்திரத்தால் பாறையைத் துளைத்துப் பைப்பை இறக்கிச் சுற்றிலும் பென்டோனைட் கலவை நிரப்பலாம். செலவு கூட, ஆனால் உப்பு போல இரும்பைத் தின்னாது. கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்குங்கள்.

செய்யவே கூடாத இரண்டு உண்டு. ஒன்று, எர்த் இல்லை என்பதற்காகப் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலை எர்த்துடன் சேர்ப்பது. கம்பத்திலோ மெயினிலோ நியூட்ரல் விட்டுப்போன அந்த நொடியே, அந்த லைனில் ஏதாவது ஒரு பொருள் சுவிட்ச் போட்டிருந்தால், ஓவன் உடம்பில் 230 வோல்ட் வந்து நிற்கும். இன்னொன்று, போர்வெல் கேசிங்கிலோ தண்ணீர்க் குழாயிலோ எர்த்தைக் கட்டுவது. நடுவில் ஓரிடத்தில் பி.வி.சி. குழாய் மாற்றியிருந்தால் எர்த் அங்கேயே முடிந்தது. கோளாறு வந்தால் குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கும்.

நல்ல எர்த் இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் எர்த், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் எல்லாம் சேர்ந்து தடை 10 ஓம் என்றால், ஃபேஸ் உடம்பைத் தொட்டதும் ஓடுவது 23 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது பெரிய சுமையே இல்லை. உடனே விழ அதற்கு 100 ஆம்பியராவது வேண்டும். 23 ஆம்பியரில் ஒரு மணி நேரம்கூட விழாமல் நிற்கலாம். அத்தனை நேரமும் உடம்பில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோ அரை நொடிகூட எடுக்காமல் துண்டித்துவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இரண்டுமே வேண்டும் என்று நாங்கள் விடாமல் சொல்வது இதனால்தான். பழைய வீடுகளில் இருக்கும் 100 மில்லி ஆம்பியர் வகை தீயைத் தடுக்க உதவும், ஆளைக் காக்கப் போதாது.

வாடகை வீட்டில் இருக்கிறோம். 2000 வாட் இண்டக்‌ஷனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?
*– வாசகர், திருப்பூர்*

கூடாது. 8.7 ஆம்பியர் ஓடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துவாரங்கள் பெரும்பாலும் 6 ஆம்பியர், அதன் ஒயரும் மெல்லியது. பெரிய பிளக்கைச் சின்னத் துவாரத்துக்கு மாற்றும் கன்வெர்ட்டரும் அப்படியே. தளர்ந்த ஒரு துவாரத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே அங்கே ஏழரை வாட் வெப்பம், கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள். வாஷிங் மெஷினுக்கோ கீசருக்கோ 16 ஆம்பியர் பிளக் இருந்தால், அதன் ஒயர் 2.5 சதுர மி.மீ. என்று உறுதி செய்துகொண்டு அங்கே வைத்துச் சமையுங்கள். அந்நேரம் கீசர் வேண்டாம். அதுவும் இல்லையென்றால் ஒரே ஒரு தனி லைன் போட வீட்டுக்காரரிடம் பேசுங்கள். 1200 வாட்டுக்குக் குறைத்து வைத்தால் 5.2 ஆம்பியர்தான் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் பிள்ளைகளோ விருந்தாளிகளோ பொத்தானைக் கூட்டிவிட்டால் தடுக்க ஆளில்லை.

வெளிநாட்டிலிருந்து நாலு அடுப்பு ஹாப் (மேடையில் பதிக்கும் மின் அடுப்பு) வந்திருக்கிறது, 7 கிலோவாட். ஐந்து ஒயர் வெளியே வருகிறது. எங்களுக்கு த்ரீ பேஸ் இணைப்பு உண்டு.
*– வாசகர், பொள்ளாச்சி*

பச்சை–மஞ்சள் கோடு போட்டது எர்த், நீலம் பெரும்பாலும் நியூட்ரல், பழுப்பு, கறுப்பு, சாம்பல் பெரும்பாலும் ஃபேஸ். இதில்தான் விபத்து: நம் ஊரில் கறுப்பு என்றால் நியூட்ரல் என்று பழகிய கை, அதைக் கொண்டுபோய் நியூட்ரலில் போட்டுவிடும். சில மாடல்களில் சாம்பல் ஒயரே நியூட்ரல். அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் ஹாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும். 

அந்தப் படத்தில் இரண்டு மூன்று வழிகள் காட்டியிருப்பார்கள். சிங்கிள் பேஸில் கொடுப்பதானால் ஃபேஸ் ஒயர்களை ஒன்றாகச் சேர்க்கும் செம்புத் தகடு கூடவே வரும். அப்போது 30 ஆம்பியர் ஒரே ஃபேஸில் வரும். 6 சதுர மி.மீ. ஒயரும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும், அதுவும் எல்லையில்தான். உங்களுக்கு த்ரீ பேஸ் இருப்பதால் இரண்டு ஃபேஸில் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஃபேஸுக்கு 15 ஆம்பியர்தான். 4 சதுர மி.மீ. போதும், சேர்ந்தே விழும் எம்.சி.பி. போடுங்கள். ஆர்.சி.சி.பி. நாலு போல் வகை, ‘ஏ’ டைப் என்று கேட்டு வாங்குங்கள். இண்டக்‌ஷனுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றில் வரும் கசிவை ‘ஏ.சி.’ டைப் சரியாகப் பிடிக்காது.

இப்படிப் பிரிக்கும்போது நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால் இரண்டு ஃபேஸுக்கும் நடுவே உள்ள 400 வோல்ட் ஹாப்புக்குள் ஏறும். வீட்டிலுள்ள டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போவது பெரும்பாலும் மெயின் நியூட்ரல் விட்டதால்தான். எந்தத் திருகை விட்டாலும் நியூட்ரல் திருகை விடாதீர்கள்.

சாயந்திரம் விசைத்தறிகள் ஓடும் நேரம் வோல்ட்டேஜ் 180-க்கு இறங்குகிறது. இண்டக்‌ஷன் ‘ஈ’ எழுத்தும் எண்ணும் காட்டி நின்றுவிடுகிறது.
*– வாசகி, சோமனூர்*

அது அடுப்பு தன்னைக் காத்துக்கொள்வது, கோளாறு இல்லை. வோல்ட்டேஜ் குறைந்தால் காயில் அடுப்பு மெதுவாக எரியும், ஒயருக்குச் சுமை குறையும். இண்டக்‌ஷன் தன் வாட்டை விடாமல் பிடிக்கப் பார்ப்பதால் ஆம்பியர் கூடும்: 2000 வாட்டுக்கு 180 வோல்ட்டில் 11 ஆம்பியர். ஸ்டெபிலைசர் போடுவதானால் 3 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் வேண்டும். அதற்கு முன் ஒன்று பாருங்கள். அடுப்பு அணைந்திருக்கும்போது 215, போட்டதும் 185 என்றால் குறை தெருவில் இல்லை, உங்கள் வீட்டு ஒயரிலோ மீட்டர்ப் பக்க இணைப்பிலோ. போடும் முன்பே 180 என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, புகார் சொல்லுங்கள்.

தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மோட்டார் சர்வீஸிலிருந்து அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?
*– வாசகர், தாராபுரம்*

கூடாதுங்க. அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கு. சமையலுக்கு எடுப்பது விதிமீறல். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் வீட்டுக்குரிய ஆர்.சி.சி.பி. பாதுகாப்பும் இருப்பதில்லை. சாளைக்குத் தனி வீட்டு இணைப்பு வாங்குங்கள்.

மின் அடுப்பு வைத்தால் ஈ.பி.யில் சொல்ல வேண்டுமா? பில் எவ்வளவு கூடும்?
*– வாசகர், நாமக்கல்*

தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு பொதுவாக 4 கிலோவாட் வரைதான். கீசரும் ஏ.சி.யும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் 3.5 கிலோவாட் அடுப்பு சேர்ந்தால் அனுமதித்த மின்பளு தாண்டிவிடும். பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து, தேவையானால் த்ரீ பேஸாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பில் கணக்கு எளிது. சராசரியாக 1200 வாட்டில் தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். இப்போது 420 யூனிட் வருகிற வீட்டில் இது 500-ஐத் தாண்ட வைக்கும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். பழைய பில்லை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுப்பை வாங்குங்கள்.

புது அடுப்புக்குத் தனி லைன், ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டோம். அடுப்பைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒயர்மேன்.
*– வாசகி, ஈரோடு*

எடுக்க விடாதீர்கள். அது விழுகிறது என்றால் போன மின்சாரம் முழுதும் திரும்பி வரவில்லை. எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மூன்று இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு எடுத்து, நியூட்ரலை அதற்கு முன்னால் உள்ள பொது நியூட்ரல் கட்டையில் போட்டிருப்பார்கள். புது லைன்களில் இதுதான் முதல் காரணம். அடையாளம்: எந்தப் பொருளைப் போட்டாலும் விழும், 60 வாட் குண்டு பல்பு போட்டால்கூட விழும். நியூட்ரலை ஆர்.சி.சி.பி.யின் வெளியீட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

பல்புக்கு நின்று அடுப்புக்கு மட்டும் விழுந்தால், காயில் அல்லது ஓவனாக இருந்தால் ஈரம் காரணமாக இருக்கலாம். காயிலுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் கிடங்கிலிருந்த புதுப் பொருளிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் இது வரும். சர்வீஸ் சென்டரில் உலர்த்தி மெக்கர் பார்த்துத் தருவார்கள். உலர்த்தியும் விழுந்தால் காயிலை மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது, சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் நசுங்கி எர்த்தைத் தொட்டிருப்பது. பெட்டியின் மூடியைத் திருகும்போது ஒயர் மாட்டிக்கொள்ளும். இதில் அடுப்பு அணைந்திருக்கும்போது ஆர்.சி.சி.பி. நிற்கலாம், சுமை ஏறியதும் விழும். மெயினை அணைத்து, லைனின் இரு முனையையும் கழற்றி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.